நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு?

கம்ப்யூட்டர் வைரஸை எழுதியவர்கள் உலகத்தில் உண்டு. அதைக் கண்டு அலறியவர்கள் உண்டு. அதற்கு மருந்து விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர்களும் உண்டு. ஆனால் அதை வாசலிலேயே நிறுத்திவைத்து, பேனாவைத் திறந்து, "எங்கேந்து வர்றே? நேத்து ராத்திரி எங்க தூங்குனே?" என்று விசாரித்த ஒரே மனிதர் எங்கள் புதுச்சேரியில்தான் இருந்தார். அவர் பெயர் சுங்கம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் நின்று பதில் சொல்கிற ஆள் இல்லை அவர். நடந்துகொண்டே இருப்பார். பேப்பரைக்கூட நடந்தபடிதான் படிப்பார்; விளையாட்டுப் பக்கம் வரும்போது மாடிப்படி முடிந்திருக்கும். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். நான்கு மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஏ.சி., மூன்று ஆபரேட்டர்கள். அதில் ஒருத்தி நான். ஆரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றபடி வருவேன். செருப்போடு உள்ளே போனால் மெஷின் கெட்டுவிடும் என்று ஊரே நம்பிய காலம். படிக்கட்டில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து, மேலே ஏதோ சந்நிதி இருக்கிறதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

முதலாளிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சென்னையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர். மெஷினைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைச் சத்தமாகச் சொல்வார். நான்காம் நம்பர் மெஷினில் கடிகார பேட்டரி செத்துப்போயிருந்தது. என்றைக்கு ஆன் செய்தாலும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று என்று காட்டும். "பரவால்ல, புது வருஷமாச்சே" என்று அதையும் பெருமையாகவே சொன்னவர் எங்கள் முதலாளி.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்தின் மார்க் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தேன். திரையில் சின்னதாக ஒரு பந்து தோன்றியது. சுவரில் பட்டுத் திரும்புகிற பந்து போல ஓரத்தில் முட்டும், திரும்பும், மார்க்குகளுக்கு நடுவே புகுந்து ஓடும். நான் கத்த, எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புதுசா குடுத்திருக்கான் போல. நல்லா இருக்குல்ல?"

இரண்டு நாள் அந்தப் பந்தை வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினோம். மூன்றாம் நாள் மூன்று மெஷினில் பந்து ஓடியது. அடுத்த வாரம் வேறொன்று வந்தது: அடித்து வைத்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று திரையின் அடியில் விழுந்து குவிந்தன. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் முழுக்க என் கண்ணெதிரே உதிர்ந்துபோனது. சென்னையிலிருந்து வந்த ஒரு இன்ஜினீயர் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் வைரஸ். யாரோ எழுதி விட்ட புரோகிராம். ஃப்ளாப்பில ஒட்டிக்கிட்டு மெஷினுக்கு மெஷின் போகும்" என்றார். வெள்ளிக்கிழமையும் பதிமூன்றாம் தேதியும் சேர்ந்து வந்தால் விழித்துக்கொண்டு புரோகிராம்களை அழிக்கிற ஒரு ஜாதியும் உண்டு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை ராகு காலம் முடியும்வரை மெஷினை ஆன் செய்யக் கூடாது என்றார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்.

அந்தப் பூசணிக்காயைத் தாண்டித்தான் சுங்கம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

பேக்கரிக்குப் பின்புறம் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தவர். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு குடை. ஏ.சி. காற்றுக்காகத் தினமும் மேலே வந்து பேப்பரோடு நடந்துவிட்டுப் போவார். அன்றைக்கு உடைந்த பூசணிக்காயைக் குடை நுனியால் தள்ளிப் பார்த்தார்.

"முசியே, இந்த மாடிக்கு வாசல் எத்தனை?"

"ஒண்ணுதான்" என்றார் முதலாளி.

"அதுல யாரு நிக்கிறா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் பூசணிக்கா இன்னா பண்ணும்?"

மறுநாள் காலை நாங்கள் போனபோது மாடிப்படியின் உச்சியில் ஒரு மேஜை கிடந்தது. மேஜையில் ஒரு நீளமான பதிவேடு, பேனா, மை அட்டை, 'பார்த்தாயிற்று' என்று பிரெஞ்சில் வெட்டிய ரப்பர் முத்திரை. பின்னால் ஒரு நாற்காலி. அதில் அவர் உட்காரவில்லை, குடைதான் உட்கார்ந்திருந்தது. யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. அவராகவே வேலையை வைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் வெட்கப்பட்டுப்போய் முதலாளி அவரை ஆபீஸ் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்ன கதை இது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், ஊர் எல்லையில் இருந்த சுங்கச் சோதனைச் சாவடியில் இருபது வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாராம். இரண்டே வருஷம். அதற்குள் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. ஒரு காலையில் சாவடிக்குப் போனால் சோதிக்க எல்லையே இல்லை. பிறகு முப்பத்தைந்து வருஷம் எங்கெங்கோ கணக்கு எழுதியிருக்கிறார், ஆனால் மனசு அந்தச் சாவடியை விட்டு நகரவில்லை. எல்லை போய்விட்டது, இவர் போகவில்லை. அந்த ரப்பர் முத்திரையைக்கூட அப்போதிருந்தே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம்.

அவர் சட்டம் எளிமையானது. ஃபைல்களைச் சுமந்து வரும் எந்த ஃப்ளாப்பியும் பதிவு இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கேள்வி மூன்று. எங்கேந்து வருது? நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு? வேற எந்த மெஷின்ல நுழைஞ்சுது? பதில் பிடித்தால் முத்திரை. பிடிக்காவிட்டால் குடை நுனி படிக்கட்டைக் காட்டும். வைரஸ் இருப்பது உறுதியானால் அந்த ஃப்ளாப்பியை வாங்கி, எல்லோரும் பார்க்க, மேஜைக்குப் பின்னால் சுவரில் நடுவில் ஆணி அடித்துவிடுவார். தோசைக்கல் கனம்கூட இல்லாத அந்தக் கறுப்பு அட்டைகளில் மூன்று அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. "சுத்தம் பண்ணித் திருப்பிக் குடுத்துடலாமே சார்" என்று நான் கேட்டதற்கு, "கள்ளச் சாராயத்தை வடிகட்டிக் குடுப்பாங்களா மத்முவாசேல்?" என்றார். கல்யாணமாகாத பெண்ணை அப்படித்தான் அழைக்க வேண்டுமாம்; ஆண் என்றால் முசியே. சேரையும் குடையையும் தவிர ஆபீஸில் எல்லோருக்கும் பிரெஞ்சு மரியாதைதான்.

வீராம்பட்டினத்திலிருந்து தேர்த் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் நன்கொடையாளர் பட்டியலோடு வந்தார். ஃப்ளாப்பியைப் பத்திரமாக பிளாஸ்டிக் பையில் சுற்றி, அந்தப் பையைக் கருவாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். சுங்கம் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு?"

"கருவாட்டோடதான், ஐயா."

"வேற யாரும் கூட இல்லையே?"

"நெத்திலி மட்டும்தான்."

"நெத்திலிகிட்ட வைரஸ் இல்ல" என்று முத்திரை குத்தினார். அந்த வாரம் முழுக்க என் கீபோர்டில் கருவாட்டு வாசனை.

இதையெல்லாம் கேட்டால் அவருக்கு வைரஸைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தோன்றும். தெரியும். பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்திருந்தார். பி.சி.க்களில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றை லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதினார்கள் என்றும், அதற்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் போன் நம்பரையும் அவர்களே போட்டு வைத்திருந்தார்கள் என்றும் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உருகிப்போய் நடந்தார்.

"பாருங்க மத்முவாசேல், மரியாதை தெரிஞ்ச பசங்க. பேரு, விலாசம், எல்லாம் தானா சொல்லிடுச்சு. இது சாவடிக்கு வந்திருந்தா நான் ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்க மாட்டேன்."

அந்தச் சகோதரர்களுக்கு ஒரு பதிவுத் தபால் எழுதினார், பிரெஞ்சில். அனுப்புகிற சாமானுக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. லாகூரில் பிரெஞ்சு தெரிந்தவர் கிடைத்திருக்க மாட்டார் என்று அவர்களை மன்னித்துவிட்டார்.

வினை வந்தது டாக்டர் மூலமாக. பெரிய ஆஸ்பத்திரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். யானைக்கால் நோயைப் பற்றி ஆராய்ச்சி. அந்தத் தீசிஸ் எங்கள் மெஷினில்தான் வளர்ந்தது. தினமும் புதிதாக நாலு பக்கம் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். தினமும் சுங்கம் பேனாவைத் திறப்பார்.

"நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு?"

"ஹாஸ்டல்ல சார். என் தலகாணிக்கு அடியில."

"தலகாணிக்கு அடியிலயா? படிச்ச ஆளு செய்ற வேலையா இது? பக்கத்துக் கட்டில்ல யாரு?"

"ரூம்மேட்."

"அவரு எங்கெங்க போறாரு, வர்றாரு?"

டாக்டர் ஒருநாள் மேஜையில் ஓங்கி அடித்தார். "நான் பேஷன்ட்டக்கூட இத்தனை கேள்வி கேக்கறதில்ல சார்! மார்ச் ஒன்பதாம் தேதி தீசிஸ் குடுக்கணும். இல்லன்னா எனக்கு ஆறு மாசம் போச்சு!"

முதலாளி வெளியே வந்தார். டாக்டரை உள்ளே அனுப்பிவிட்டுச் சுங்கத்திடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் எங்களுக்குக் கேட்டது.

"ஐயா, இந்த டேபிளைப் பாத்தே ஆளுங்க வேற சென்டருக்குப் போறாங்க. நீங்க சொல்றீங்களேன்னு பொறுத்துக்கிட்டிருக்கேன். இதையும் தாண்டி ஒரு வைரஸ் உள்ள வந்துச்சுன்னா, டேபிள் கீழ போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

சுங்கம் குடையை எடுத்தார். படிக்கட்டில் இறங்கினார், ஏறினார், இறங்கினார். அன்றைக்கு முழுக்க மாடிப்படி சத்தம் ஓயவில்லை. ஒரு வாசலை ஏற்கெனவே இழந்த மனிதரிடம் இரண்டாவது வாசலையும் பிடுங்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு டாக்டர் மேல் கோபம், முதலாளி மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தாத சுங்கத்தின் மேல் கோபம்.

இதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு நடந்த ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மதியம் சுங்கம் என் மேஜையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். நான்காம் சுற்றில் கேட்டார்:

"மத்முவாசேல், ஃப்ளாப்பில ஒரு கடுதாசி இருக்குன்னு வெச்சுக்குங்க. அதைத் திரையில பாக்க இன்னா தட்டணும்?"

நான் வேலை மும்முரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். யாருடைய கடிதம், என்ன ஃப்ளாப்பி என்று கேட்கவில்லை. மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு மறந்துவிட்டேன்.

பிறகு மார்ச் மாதம் வந்தது. தொண்ணூற்று இரண்டு. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே பாட்டு: மார்ச் ஆறாம் தேதி ஒரு வைரஸ் விழித்துக்கொள்ளப் போகிறது. அன்று யார் மெஷினை ஆன் செய்தாலும், உள்ளே அது இருந்தால், ஹார்டு டிஸ்கில் இருப்பதை அழித்துவிடும். ஓர் இத்தாலிய ஓவியரின் பிறந்தநாளாம் அது. எழுதியவன் என்ன நினைத்து எழுதினானோ, யாருக்கும் தெரியாது. அது வெள்ளிக்கிழமை என்று தெரிந்ததும் முதலாளி தண்ணீர் கேட்டார்.

சுங்கம் மட்டும் பத்து வயது குறைந்தவராக ஆனார். கடைசியில் அவருக்கு ஏற்ற எதிரி வந்துவிட்டது. ஆறாம் தேதியையே ரத்து செய்வதாக அறிவித்தார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஐந்தும் ஆறும் ஒன்றாகக் கிழிபடும். மெஷின் கடிகாரங்களை எல்லாம் ஏழுக்கு மாற்றிவிடுவோம். "தேதியைப் பாத்துத்தானே அது எழுந்திருக்கும்? தேதியே வரலைன்னா?" நான்காம் மெஷினைத் தட்டிக்கொடுத்தார். "இவன் புத்திசாலி. எண்பதாம் வருஷத்துலயே உக்காந்துட்டான்." முட்டாள்தனம் என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் பத்திரிகைகளிலும் நிபுணர்கள் தேதியை மாற்றத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாம் தேதி காலையில் வைரஸ் கண்டுபிடிக்கும் ஃப்ளாப்பி ஒன்று சென்னையிலிருந்து பஸ் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. முதலாளி படியேறி ஓடி வந்தார். குடை குறுக்கே நின்றது.

"எங்கேந்து வருது?"

"ஐயா, இது வைரஸப் பிடிக்க வந்த ஃப்ளாப்பி!"

"போலீஸ்காரனா இருந்தாலும் பேரைச் சொல்லிட்டுத்தான் உள்ள போகணும். நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு?"

"பஸ்ல!"

"எந்த சீட்ல?"

பதிவு முடிய கால் மணி நேரம் ஆனது. முத்திரை குத்திய பிறகுதான் உள்ளே விட்டார்.

முதல் மெஷினில் போட்டதும் பீப் அடித்தது. இரண்டாவதில் அடித்தது. மூன்றாவதில், டாக்டரின் தீசிஸ் இருந்த மெஷினில், அடித்தது. புத்திசாலி நான்காவதிலும் அடித்தது. ஆறாம் தேதி விழிக்கப்போகிற அதே வைரஸ். அன்றைய நாலு பக்கத்தோடு வந்திருந்த டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃப்ளாப்பியிலேயே சுத்தம் செய்யவும் வழி இருந்ததால் ஒவ்வொரு மெஷினாகச் சுத்தம் செய்தோம். மதியத்துக்குள் தீசிஸ் தப்பித்தது. மேஜைதான் மாட்டிக்கொண்டது.

"எப்படி உள்ள வந்துச்சு?" முதலாளி கத்தினார். "எடுங்க உங்க நோட்டை! யார் கொண்டாந்ததுன்னு எனக்கு இப்பத் தெரியணும்!"

சுங்கம் பதிவேட்டைத் திறந்தார். நடந்துகொண்டே முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வீராம்பட்டினம், கருவாடு. ஹாஸ்டல், தலகாணி. ஒரு வரியிலும் குற்றம் இல்லை. அவர் படிக்கப் படிக்க எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. இந்த வைரஸ் நுழைகிற வழி ஒன்றுதான்: மெஷினை ஆன் செய்கிற நேரத்தில் ஃப்ளாப்பி உள்ளே இருக்க வேண்டும். நாங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. முதலில் மெஷின், பிறகுதான் ஃப்ளாப்பி. ஆனால் சாவி சுங்கத்திடம் இருந்தது. காலை எட்டு மணிக்கே வந்து கதவைத் திறப்பவர் அவர். சில நாள் நான் சீக்கிரம் வந்தபோது இரண்டாம் மெஷினின் திரையில் ஒரே வார்த்தை வரி வரியாக மேலே ஓடிக்கொண்டிருந்ததையும், என்னைக் கண்டதும் அவர் சட்டென்று அணைத்ததையும் பார்த்திருக்கிறேன். துண்டுச் சீட்டு ஞாபகம் வந்தது.

சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தபோது அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். பதிவேட்டை மேஜையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தோம். ஐந்து நிமிஷத்தில் திரும்பப் படியேறி வந்தார், ஒரு வாடிக்கையாளரைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு. கையில் வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று அதிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து வைத்தார். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பேனாவைத் திறந்தார்.

"எங்கேந்து வருது?"

சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"பிரான்சுலேந்து, முசியே. பேத்தி அனுப்புனது."

அந்தப் பக்கம் போனார். எழுதினார். "நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு?"

இந்தப் பக்கம் வந்தார். "என் தலகாணிக்கு அடியில."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும்தான். ஒருவர் இரண்டு பேராகி மேஜையைச் சுற்றுவதைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வது?

"வேற எந்த மெஷின்ல நுழைஞ்சுது?"

"ரெண்டாம் நம்பர்தான் அதிகம். அப்புறம் நாலுலயும் போட்டுப் பாத்தேன். காலையில எட்டு மணிக்கு. ஒரு மாசமா."

"மெஷினைப் போட்ட அப்புறமா, முன்னாடியா?"

"முன்னாடி. விருந்தாளி வந்தா முதல்ல உக்கார வெச்சுட்டுத்தானே விளக்கைப் போடுவோம், முசியே."

அவர் அந்தப் பக்கம் போய்க் குனிந்து எழுதினார். நிமிராமலே அடுத்ததைக் கேட்டார்.

"ஏன் பதிவு பண்ணல?"

இந்த முறை அவர் சுற்றி வரவில்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். "கேக்குறதுக்கு ஆள் இல்ல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"சார், சீட்டு எழுதிக் குடுத்தது நான்தான்" என்றேன்.

"எழுதுனது நீங்க. நுழைச்சது நான். ரெண்டும் வேற வேற கேஸ்" என்று சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

மகள் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்ப் பத்து வருஷம். வருகிற வருஷம், வருகிற வருஷம் என்று கடிதம் வருமே தவிர அவள் வந்தபாடில்லை. பேத்தி நதாலிக்கு ஏழு வயது. அவர் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்து, தாத்தாவின் மாடியில் கம்ப்யூட்டர் இருப்பது தெரிந்து, அந்த ஃப்ளாப்பியையே உறையில் போட்டு அனுப்பியிருந்தாள். இதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வாடிக்கையாளரோடு வருகிற பிள்ளைகள் "தாத்தா" என்று கூப்பிட்டால், "அப்படிக் கூப்பிட வேற ஆளு இருக்காங்க, முசியேன்னு கூப்பிடு" என்று அவர் அதட்டுவது ஏனென்றும் அன்றைக்குத்தான் புரிந்தது.

முதலாளி பதறிப்போனார். "ஐயா, விடுங்க. அதையும் சுத்தம் பண்ணிடலாம்."

"மத்தவங்களுது மூணையும் அடிச்சேன்ல? அவங்க வூட்லயும் பேரப் பசங்க இருந்திருக்கும்."

ஆணியை நடுவில் வைத்துவிட்டார். எனக்கு அழுகை வருகிற நேரத்தில் கோபம்தான் வரும், இன்றுவரை அப்படித்தான். "சார், ஒரு நிமிஷம் நில்லுங்க!" என்று கத்தினேன். "அடிக்கிறதுக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்துக்கலாம்ல?"

சுத்தியல் நின்றது. "காயிதத்துல அது ஒட்டிக்கிட்டு வருமா?"

"வராது சார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிரிண்டர் கறகறவென்று ஓட ஆரம்பித்தது. நான்கு தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஆங்கில எழுத்தில் ஒரே வார்த்தை: தாத்தா தாத்தா தாத்தா தாத்தா. ஏழு வயதுக் குழந்தை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருக்கிறாள். கடைசியில் மட்டும் அவள் பெயர். சுங்கம் நான்கு தாளையும் வாங்கி, பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றிலும் 'பார்த்தாயிற்று' என்று குத்தினார். பிறகு ஃப்ளாப்பியை ஆணியில் அறைந்தார். சுத்தியலை வைத்துவிட்டு, பதிவேட்டையும் மை அட்டையையும் மேஜைமேல் அடுக்கி, மேஜையை அப்படியே தூக்கிப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்தத் தொடங்கினார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றார் முதலாளி.

"கீழதானே போகணும்னு சொன்னீங்க."

முதலாளி மேஜையின் மறுமுனையைப் பிடித்தார். "நாளைக்கு ஆறாம் தேதி. வாசல்ல யாரு நிப்பா? இங்கயே வைங்க. இத்தனை வருஷத்துல நான்தான் கொண்டாந்தேன்னு ஒத்துக்கிட்ட ஒரே ஆளு நீங்கதான்."

மறுநாள் காலண்டரில் இரண்டு தாள் ஒன்றாகக் கிழிந்தது. ராகு காலம் முடிந்ததும் ஒவ்வொரு மெஷினாக ஆன் செய்தோம். சுங்கம் தீயணைக்கிற மணல் வாளியோடு பக்கத்தில் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. டாக்டரின் தீசிஸ் மறுநாள் தேதியோடு அச்சாகி, ஒன்பதாம் தேதி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது என் போனில் நாள் முழுக்க யாராவது எதையாவது அனுப்புகிறார்கள். பரிசு விழுந்திருக்கிறது, தொடுங்கள் என்கிறது ஒன்று. உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும், உடனே தொடுங்கள் என்கிறது இன்னொன்று. விரல் அதன்மேல் போகும்போதெல்லாம் யாரோ குடையைக் குறுக்கே நீட்டுகிறார்கள். நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு? இந்த ஒரு கேள்வியால் நான் இதுவரை ஏமாறவில்லை.

அடுத்த வருஷம் கோடை விடுமுறைக்கு மகள் வந்தாள், நதாலியோடு. இரண்டாம் நாள் காலை பேத்தியைச் சென்டரைப் பார்க்கக் கூட்டி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர், கடைசிப் படியில் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பேனாவைத் திறந்தார். முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"எங்கேந்து வர்றீங்க?"

தமிழ் அவளுக்குக் கொஞ்சம்தான் வரும். "பிரான்ஸ்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நேத்து ராத்திரி எங்க தூங்குனீங்க?"

அவள் இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள். இதைக்கூடத் தெரியாத ஆளா என்கிற பார்வை.

"உன் பக்கத்துலதான், தாத்தா!"

பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு அவர் மெதுவாக மூடியைப் போட்டார். குடையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, என் கண்ணால் பார்த்தேன், நாற்காலியில் உட்கார்ந்தார். நதாலி அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

சென்டரை மூடியபோது அந்தப் பதிவேட்டை நான் எடுத்து வந்துவிட்டேன். இன்றும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறார். நதாலி வந்த அந்த நாளில் மட்டும் வரிசை எண் போட்டு ஒரு வரி காலியாக இருக்கிறது. எனக்கு அவரை அவ்வளவு பிடித்ததற்குக் காரணம் கேட்டால், அந்தக் காலி வரியைத்தான் காட்டுவேன்.